நான்காவது கேள்வி

ஜனவரி 9

அண்ணிக்கு,

நாத்தனார் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. நேற்றிலிருந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். உங்கள் சுகத்துக்கு ஒரு குறையும் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான்கு நாள் தங்கிவிட்டுப் போனபோது ஒரு பொருளை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். குளியலறைக் குப்பைத்தொட்டியில், பழைய பேப்பரில் இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கிடந்த காலி மாத்திரை அட்டை. மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு. பதினோரு வருஷமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவளுக்குப் பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது.

அன்று மாலை கண்ணில் கட்டோடு அப்பா உங்களிடம் என்ன சொன்னார்? "கட்டுப் பிரிச்சதும் பாக்கறதுக்கு ஒரு பேரப்பிள்ளை முகம் இருந்திருக்கலாம்மா" என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "கடவுள் குடுக்கணுமே மாமா" என்றீர்கள். அவர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று தினம் ஒரு மாத்திரை போட்டுவிட்டு, பழியை மட்டும் அவர் தலையில் கட்டுகிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

என் அண்ணன் கப்பல் எஞ்சின் அறையில் வெந்து சாகிறான். கல்யாணமாகி ஏழு வருஷம். அவனுக்கு இது தெரியுமா?

கடைசியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவது வழக்கம். நீங்கள்தான் ஏற்கெனவே நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்களே. பதில் வேண்டும்.

நாத்தனார்

ஜனவரி 20

பொடிசுக்கு,

உன் அண்ணன் செல்லமாக வைத்த பெயர். உன் உயரத்துக்குத்தான் வைத்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நான் நலம். மாமா பேப்பர் படிப்பது கேட்டு மெய்யாகவே சந்தோஷம். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டவள் நான்தான், கவுண்டரில் நின்றுகொண்டிருந்த உனக்கு அது தெரியாது. நீ நலமாக இருப்பது தானே தெரிகிறது. மனுஷிக்கு உடம்பில் தெம்பில்லாவிட்டால் அடுத்தவள் குப்பையில் கைவிட்டுத் துழாவ முடியுமா?

அட்டை வந்து சேர்ந்தது. திரும்பவும் குப்பையில் போட்டேன். இந்தத் தெருவில் குப்பை அள்ளுகிறவர்களுக்கு வேலை இருக்கிறது, ஆராய்ச்சி செய்ய நேரமில்லை.

உன் கடிதத்துக்குப் பின்னாலேயே உன் போன் வந்ததே, அதற்கு வருகிறேன். பல் செட் கடையில் ஒரு கிழவருக்கு மேல்வரிசைப் பல்லை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தேன். பதினான்கு பல்லையும் நேராக நிறுத்திவிட்டுக் கையை எடுக்கப் போகிற நேரம். நீ போட்ட சத்தத்தில் முன்பல் இரண்டும் கோணிவிட்டன. பக்கத்து ஸ்டூல் மெருகுக்காரர், "யாரும்மா அது, செத்துக்கித்துப் போயிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறாள் என்றேன். அன்றைக்கே உன் நம்பரை அடைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. தாளில் கத்த முடியாது.

அவருக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய இடம் இதுவல்ல.

மாமாவிடம் மட்டும் என் அன்பைச் சொல்.

அண்ணி

ஜனவரி 28

அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அன்பை அப்பாவிடம் சொன்னேன். "தங்கமான பொண்ணு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

நாத்தனாராக எழுதினால் உங்களுக்குக் காது கேட்காது போலிருக்கிறது. மருந்துக்கடைக்காரியாக எழுதுகிறேன். ஐந்து வருஷத்துக்கு மேல் அந்த மாத்திரையைப் போட்டவர்களுக்குக் கர்ப்பப்பை வற்றிப் போகும். பிறகு நீங்களே ஆசைப்பட்டாலும் பிள்ளை தங்காது. முடி கொட்டும், எலும்பு பொடியும், கடைசியில் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வயது முப்பத்தேழு. இன்றைக்கே நிறுத்தினால் தப்பலாம்.

யோசித்து நடந்துகொள்ளுங்கள். இங்கே குளிர் விட்டுவிட்டது. அங்கே எப்படி?

நாத்தனார்

பிப்ரவரி 17

பொடிசுக்கு,

நான் நலம். குளிரும் நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டு, அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு பெண் டாக்டரிடம் போனேன். வரிவரியாகப் படித்தார். "இத எழுதினது யாரு?" என்றார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற நாத்தனார் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கர்ப்பப்பை வற்றாதாம். நிறுத்தினால் சில மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுமாம். முடி என் தலையிலேயே இருக்கிறது, அதற்கு டாக்டர் தேவைப்படவில்லை.

பிரஷர் பார்த்தார். நான்கு கேள்வி கேட்டார். நான்குக்கும் இல்லை என்றேன். "அப்ப தாராளமா போடலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நீ வெறுமனே சண்டைக்காரி என்று நினைத்திருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பொய்யும் சொல்வாய் என்று இப்போது தெரிந்துகொண்டேன். உன் கவுண்டருக்கு வருகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இனி மருந்து, மாத்திரை என்று நீ எதை எழுதினாலும் அது பொய் என்றே எடுத்துக்கொள்வேன். அதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வழி காட்டியவள் நீதான்.

மாமாவின் கண்ணைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

அண்ணி

பிப்ரவரி 25

அண்ணிக்கு,

அப்பா சுகம், கண்ணும் சுகம். நீங்கள் இப்போது இரட்டிப்புச் சுகத்தில் இருப்பீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் கம்மென்று சிகரெட் வாசனை. அதுவும் கண்ட சிகரெட் இல்லை, அண்ணன் பிடிக்கிற அந்த வெளிநாட்டுச் சிகரெட். கிராம்பு கலந்த மாதிரி வருமே, அது. அப்பா மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "பயல் ஊருக்கு வந்துட்டானா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அவன் வந்திருக்கிறான். வந்தவனை எங்கள் கண்ணில் காட்டாமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அட்டை விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுவேன் என்ற பயம். பெற்ற தகப்பன் ஆபரேஷன் முடிந்து உட்கார்ந்திருக்கிறார், எட்டிப் பார்க்காதே என்று புருஷனைத் தடுக்கிற மனசு எப்படித்தான் உங்களுக்கு வந்ததோ. அவனை எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் நேரில் வந்து நிற்பேன். அப்போது கதவைச் சாத்த முடியாது.

நாத்தனார்

மார்ச் 10

பொடிசுக்கு,

அவர் வரவில்லை. கப்பல் நடுக்கடலில் இருக்கிறது. ஜூலையில்தான் இறங்குகிறார். கப்பல் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டுக்கொள்.

இங்கே மெருகுக்காரர் அந்தச் சிகரெட் பிடிப்பார். சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது, வாசனை ஒட்டியிருக்கும். மாமாவை வீணாக ஆசை காட்டி ஏமாற்றாதே.

வேலை அதிகம். இந்த மாதம் நாற்பது செட் பல்.

அண்ணி

மார்ச் 16

அண்ணிக்கு,

நீங்கள் சுகமா? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதில் வேண்டும்.

கப்பல் கம்பெனிக்குக் கேட்டேன். அண்ணன் வரவில்லை என்பது உண்மை. மெருகுக்காரர் கதை பொய். பல் செட் கடையில் மெருகு போடுகிறவர் கப்பல்காரர்கள் வாங்கி வருகிற சிகரெட்டைப் பிடிக்க மாட்டார். லீவு முடிந்து போகும்போது அண்ணன் அலமாரியில் பெட்டி பெட்டியாக விட்டுப் போவான் என்று எனக்குத் தெரியும். முந்தைய கடிதங்களையும் எடுத்து மோந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறது. பிடிக்கிறது நீங்கள்தான்.

அந்த டாக்டர் கேட்ட நான்கு கேள்வியும் எனக்கு மனப்பாடம், மாத்திரை கொடுக்கும்போது நானும் கேட்கிறதுதான். பிரஷர் உண்டா? ஒற்றைத் தலைவலி உண்டா? குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் கட்டியிருக்கிறதா? நான்காவது, புகை பிடிப்பீர்களா? நான்குக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஜனவரியில் நான் எழுதியது பொய். கர்ப்பப்பை, முடி, புற்றுநோய் எல்லாம் உங்களைப் பயமுறுத்த நானாக எழுதினேன். படித்த படிப்புக்குச் செய்த துரோகம். இப்போது எழுதுவது பொய் இல்லை. முப்பத்தைந்துக்கு மேல் வயது, சிகரெட், இந்த மாத்திரை, மூன்றும் ஒரே உடம்பில் இருக்கக் கூடாது. ரத்தம் கட்டிக்கொள்ளும். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம். என்னை நம்ப வேண்டாம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள், அதைப் படியுங்கள். கடை போனிலிருந்தும் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள்.

பிள்ளைக்காக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். அதனால் இத்துடன் மூன்று மாதத்துக்கு வேறு மாத்திரை வைத்திருக்கிறேன். ரத்தம் கட்ட வைக்கிற ஹார்மோன் இதில் இல்லை. புகை பிடிக்கிறவர்களுக்கு டாக்டர்கள் எழுதுவது இதுதான். அதே டாக்டரிடம் காட்டி, உண்மையைச் சொல்லி, அவர் சரி என்றால் போடுங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம், உங்கள் இஷ்டம். எந்தப் பொருளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததோ அதே பொருளை என் கையால் பார்சல் கட்டுகிறேன். இதற்கு மேல் எப்படி நம்ப வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களைப் பிடிக்காது. அதற்காக நீங்கள் சாக வேண்டும் என்று இல்லை.

நாத்தனார்

ஏப்ரல் 4

பொடிசுக்கு,

கேட்டாயே, சுகம்தான்.

உன் சாமர்த்தியத்தை மெச்சுகிறேன். பழைய பொய்யை ஒப்புக்கொண்டுவிட்டால் புதுப் பொய் விலை போகும் என்று கணக்குப் போட்டாய். பார்சலைப் பார்த்ததும் முழுசாகப் புரிந்துவிட்டது. இது என்ன, மாவு உருண்டையா, சத்து மாத்திரையா? இதை நம்பி விழுங்கி, ஜூலையில் அவர் வந்து போய், அடுத்த வருஷம் மாமா மடியில் ஒரு பிள்ளை. அதுதானே உன் திட்டம்? காதில் பூச்சுற்றுவதற்கு வேறு காதைப் பார். பார்சல் அப்படியே மேஜைமேல் கிடக்கிறது. நான் போடுவதைத்தான் போடுவேன்.

அந்தத் தாளையும் சொல்லியிருக்கிறாய். எறும்பு எழுத்தில் முழ நீளத்துக்கு இருக்கும், பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கிப் போடுவது அதைத்தான். ஜலதோஷ மாத்திரைக்கும் அப்படித்தான் ஒன்று வைக்கிறார்கள்.

சிகரெட்டைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உன் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு ஊதித் தள்ளும்போது அதே மாமா பக்கத்தில் உட்கார்ந்து உலக விஷயம் பேசுவார். நீ டீ கொண்டுபோய்க் கொடுப்பாய். அப்போதெல்லாம் உன் படிப்பு எங்கே போயிருந்தது?

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று அதையும் மோந்து பார்க்காதே. போன செவ்வாய்க்கிழமை மெழுகுக் கத்தி கையிலிருந்து விழுந்துவிட்டது. எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை. பத்து நிமிஷம் வலது கை என்னுடையதாகவே இல்லை. மெருகுக்காரரைக் கூப்பிடப் பார்த்தால் அவர் பெயர் வாயில் வரமாட்டேன் என்றது. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. நாள் முழுக்க ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தால் கழுத்து நரம்பு இழுக்காமல் என்ன செய்யும்? நாற்பது செட் பல், தெரியுமா உனக்கு?

மாமாவுக்கு என் அன்பு.

அண்ணி

ஏப்ரல் 11

அண்ணிக்கு,

சுகமா என்று கேட்டு எழுதுகிற நிலையில் நான் இல்லை.

உங்கள் கடிதம் பதினொன்று நாற்பதுக்குக் கடைக்கு வந்தது. மருந்து வாங்க நின்றவர்களை நிற்க வைத்துவிட்டுப் படித்தேன். கத்தி விழுந்த இடத்துக்கு வந்ததும் மிச்சத்தைப் படிக்கவில்லை. அது கழுத்து நரம்பு இல்லை. மூளைக்குப் போகிற ரத்தம் பத்து நிமிஷம் அடைத்துத் திறந்திருக்கிறது. அடுத்த தடவை திறக்காமல் போகலாம். அது நடந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது.

முதலில் உங்களைத்தான் கூப்பிட்டேன். கடை போனிலிருந்து மூன்று தடவை, எங்கள் முதலாளி போனிலிருந்து இரண்டு தடவை. நீங்கள் எடுக்கவில்லை. அப்பாவின் கீழ்வரிசைப் பல் உங்கள் கடையில்தானே செய்தது, அந்த ரசீதில் நம்பர் இருந்தது. உங்கள் முதலாளி எடுத்தார். "அவங்க பின்படிக்கட்டுல இருப்பாங்கம்மா, டீ நேரம்" என்றார். பின்படிக்கட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கர்ப்பத்தடை மாத்திரை போடுகிறார், சிகரெட் பிடிக்கிறார், வயது முப்பத்தேழு, கை மரத்து வாய் குழறியிருக்கிறது, இந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வர மாட்டேன் என்று சண்டை போடுவார், தூக்கிக்கொண்டாவது போங்கள் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே அரைக்கிற மெஷின் ஒவ்வொன்றாக நிற்கிற சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். பத்துப் பேரும் கேட்கிறார்கள் என்று புரிந்தது. நான் நிறுத்தவில்லை.

உங்கள் மானத்தை நடுக்கூடத்தில் போட்டு உடைத்திருக்கிறேன். தெரிந்துதான் செய்தேன். இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் திட்டுகிற நிலையில் இருந்தால் அதுவே போதும்.

நாத்தனார்

மே 3

அண்ணிக்கு,

நீங்கள் வீடு திரும்பிவிட்டதாக உங்கள் முதலாளி சொன்னார். பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது, கைதான் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை என்றார். சாப்பிடுகிறீர்களா? ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறீர்களா? அதையாவது நம்புங்கள், அது நான் கொடுத்தது இல்லை.

போன மாதம் பன்னிரண்டாம் தேதியே நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உள்ளே போகப் பார்த்தபோது நர்ஸ் ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து காட்டினார். இடது கையால் பெரிதாக 'வேண்டாம்' என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். உங்கள் மெருகுக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர். பீடிதான் பிடிக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கப்பலிலிருந்து பேசினான். உங்களுக்கு நடந்ததைச் சொன்னேன். அட்டை விஷயத்தையும் சொன்னேன். "அவள ஒண்ணும் சொல்லாத. போடச் சொன்னதே நான்தான்" என்றான். கடலில் கிடக்கிறவன் பிள்ளைக்குப் போட்டோவில்தான் அப்பனாக இருப்பான், கரைக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்த பிறகு பார்க்கலாம், வீட்டில் சொன்னால் வருத்தப்படுவார்கள், நீ சமாளித்துக்கொள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஏழு வருஷம் எங்கள் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறீர்கள். மலடி என்று எங்கள் அத்தை ஜாடையாகச் சொன்னபோதுகூட வாயைத் திறக்கவில்லை. ஜனவரியில் அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்டபோது ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனையும் வந்திருக்காது. ஏன் எழுதவில்லை? மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத உங்கள்மேல் கோபம்தான் வருகிறது.

அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அவர் பேப்பர் படிக்கவில்லை.

நாத்தனார்

மே 29

பொடிசுக்கு,

சுகம் இல்லை. இந்தக் கடிதத்தை எழுத ஆறு நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு எட்டு வரி, பிறகு பேனா நழுவிவிடும். எழுத்து கோணலாக இருக்கும். இந்தத் தடவை நீ ஆராய்ச்சி செய்யலாம்.

அன்றைக்கு நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. முதலாளி படிக்கட்டுக்கு வந்து கையில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டார். கூடத்தின் வழியாகத்தான் வாசலுக்குப் போக வேண்டும். பத்துப் பேரும் குனிந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதி. இன்னும் எனக்கு அது ஆறவில்லை. ஆறாது. உயிரைக் காப்பாற்றினாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்காமல் காப்பாற்றினாய்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து முதலாளியிடம் உன்னை ஏசிக்கொண்டிருந்தேன். "அவ ஒரு பொய்க்காரி சார், அவ குடும்பமே" என்று ஆரம்பித்தேன். மிச்சம் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கை தொங்கிவிட்டது. டாக்டர் பத்தடி தூரத்தில் இருந்ததால் அரை மணி நேரத்தில் ஊசி போட்டார்கள். வீட்டில் தனியாக இருந்திருந்தால் மறுநாள் பால்காரர்தான் கதவைத் தட்டியிருப்பார். பெண் டாக்டரும் வந்து பார்த்தார். இந்தத் தடவை நான்காவது கேள்விக்கு ஆமாம் என்று தலையாட்டினேன். உன் பார்சலைக் கொண்டுவரச் சொல்லிக் காட்டினேன். மாவு உருண்டை இல்லையாம். நீ எழுதியதுதானாம்.

சிகரெட்டுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்றேன் அல்லவா, சொல்கிறேன். கல்யாணமான இரண்டாம் வருஷம், அவர் கப்பலேறின மறுநாள், அலமாரியைத் திறந்தால் அந்தப் பெட்டிகள் இருந்தன. ஒன்றைப் பற்ற வைத்துச் சாம்பல் கிண்ணத்தில் சும்மா வைத்தேன், ஊதவில்லை. வேலையிலிருந்து திரும்பிக் கதவைத் திறக்கும்போது வீடு அவர் இருக்கிற வீடாக இருக்கும், அதற்காக. பிறகு தினம் ஒன்று. பிறகு வீணாக எரிகிறதே என்று வாயில் வைத்தேன். பிறகு ஒரு நாளைக்குப் பத்து. வாசனையை வைத்து அவர் வந்துவிட்டார் என்று நீயும் மாமாவும் ஏமாந்தீர்களே, அதே ஏமாற்றுத்தான். நான் ஐந்து வருஷம் ஏமாந்தேன், தெரிந்தே.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். நீ அவரைத் திட்டுவாய். அவரை நீ திட்டினால் எனக்குப் பொறுக்காது. என்னைத் திட்டினால் பழகிவிட்டது. இப்போது அவர்மேலும் கோபம்தான். கரையில் வேலை கிடைத்துவிட்டதாக நேற்றுச் சொன்னார். வரட்டும், பார்க்கலாம். பெட்டிகளையெல்லாம் மெருகுக்காரர் எடுத்துப் போய்த் தண்ணீரில் நனைத்துக் கொட்டிவிட்டார். இப்போது கதவைத் திறந்தால் வெறும் வீடு.

பல் பதிக்கிற வேலைக்குக் கை திரும்புமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன எழுதுவது என்று கேட்டேன். மனசில் இருப்பதை எழுதுங்கள் என்றார். நலம் விசாரித்து மாமாவுக்கு எழுதிப் பார்த்தேன், மூன்று வரியில் நின்றுவிட்டது. உனக்கு எழுத உட்கார்ந்தேன், இதோ இத்தனை பக்கம்.

அதனால் உன் நம்பரைத் திறக்க மாட்டேன். கடிதமே எழுது. உடனே எழுது. மன்னிப்பு, பாசம் என்று எதையாவது எழுதித் தொலைத்துவிடாதே. அதற்கெல்லாம் எனக்கு இரண்டு வரிக்கு மேல் பதில் வராது, கை பழகாது. ஜனவரியில் வயிறு எரிகிறது என்று எழுதினாயே, அந்த மாதிரி எழுது.

அண்ணி